சின்ன டிராக்டர் லோடருக்கு எடை குறைந்த இணைப்புத் தகடு: இரும்பை எங்கே வைக்கணும், எங்கே விடலாம்

டிராக்டர் முன்னால் லோடர் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்ச நாளிலேயே பக்கெட் போதாது என்று தோன்ற ஆரம்பித்துவிடும். மரக்கட்டை தூக்க ஃபோர்க் வேண்டும், டிரெய்லரை நகர்த்த ஒரு கொக்கி வேண்டும், பைகளை ஏற்றி இறக்க ஒரு மேடை இருந்தால் நல்லது. கருவியைச் செய்வது பெரிய விஷயமில்லை. அதை லோடரோடு கோர்க்கிற தகடு இருக்கிறதே, அதில்தான் முதல்முறை செய்பவர்கள் தடுமாறுகிறார்கள். ஒன்று, பயத்தில் 10, 12 மில்லிமீட்டர் பிளேட்டை முழுசாக வெட்டி வைத்து லோடரின் பலத்தில் பாதியைத் தகட்டுக்கே தின்னக் கொடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் மெல்லிய தகட்டில் செய்து, முதல் பாரம் ஏறியதும் வளைந்து போனதைப் பார்த்துவிட்டு இதெல்லாம் கடையில்தான் வாங்கணும் என்று விட்டுவிடுவார்கள். எடையைக் குறைப்பது என்றால் தகட்டின் தடிமனைக் குறைப்பது என்று நினைப்பதுதான் ரெண்டுக்கும் காரணம். தடிமன் அல்ல விஷயம். விசை எந்த வழியாகப் போகிறதோ அங்கே இரும்பு இருக்க வேண்டும், மற்ற இடத்தில் இருக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

இங்கே நான் சொல்லும் சின்ன டிராக்டர் என்பது சுமார் 20 முதல் 50 குதிரைத்திறன் வரை உள்ளது. இவற்றின் லோடர்கள் தூக்கும் எடை பெரும்பாலும் சில நூறு கிலோதான். அந்த எண்ணையும் கையேட்டில் கவனித்துப் படிக்க வேண்டும், ஏனென்றால் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் லோடர் கையின் நுனியில், பக்கெட் மாட்டும் பின்னிலேயே (கோர்க்கும் ஆணியிலேயே) தொங்கவிட்டால் தூக்கக்கூடிய எடை. அதற்குக் கீழேயே, அந்தப் பின்னிலிருந்து 500 மில்லிமீட்டர் முன்னால் வைத்தால் எவ்வளவு என்று இன்னொரு எண் இருக்கும், அது கணிசமாகக் குறைவாக இருக்கும். நம் வேலைக்கு அந்த இரண்டாவது எண்தான் உண்மைக்குப் பக்கத்தில். அதிலிருந்தும் தகட்டின் எடை, கருவியின் எடை இரண்டையும் கழித்தால்தான் மிச்சம் எவ்வளவு சுமக்கலாம் என்று தெரியும்.

சரி, இந்தத் தகடு எப்படி மாட்டுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம், இது புரியாமல் அளவு எடுத்துப் பயனில்லை. லோடரில் பல வகை இணைப்பு உண்டு. யூரோ வகையில் மேலே இரண்டு கொக்கி, கீழே இரண்டு பின் துளை. ஜான் டியரின் சின்ன டிராக்டர்களில் பலவற்றுக்கு அவர்களுக்கே உரிய கொக்கி-பின் அமைப்பு. இன்னும் சிலவற்றில் விரைவாக மாட்டும் வசதியே கிடையாது, பக்கெட் நேரடியாகப் பின்னில் கோர்த்திருக்கும். ஆனால் பரவலாகப் புழங்குவது ஸ்கிட் ஸ்டீர் (நின்ற இடத்திலேயே திரும்பும் சின்ன லோடர் வண்டி) வகை. அதற்கு 2005-இல் ஐ.எஸ்.ஓ. 24410 என்ற பன்னாட்டுத் தரமே வந்துவிட்டது, அதனால் ஒரு கம்பெனி லோடரில் வேறு கம்பெனி கருவி பெரும்பாலும் உட்காரும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வகையை வைத்தே சொல்கிறேன்.

அதில் லோடர் பக்கம் ஒரு சட்டம் இருக்கும், அதன் மேல் விளிம்பு சாய்வாகச் செதுக்கியது போல இருக்கும். கருவிப் பக்கத் தகட்டின் மேலே டிராக்டரை நோக்கிக் கீழ்ப்பக்கமாக மடிந்த ஒரு மடிப்பு. லோடரை முன்னால் சாய்த்து, சட்டத்தின் மேல் விளிம்பை அந்த மடிப்புக்குள் நுழைத்து, தூக்கிப் பின்னால் சுருட்டினால் தகடு தானாக வந்து சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். தகட்டின் அடியில் இன்னொரு சாய்வான மடிப்பு, அதில் இடது வலமாக இரண்டு துளைகள். நெம்புகோலை அழுத்தினால் சட்டத்திலிருந்து ஆப்பு வடிவத்தில் இரண்டு பின்கள் இறங்கி அந்தத் துளைகளுக்குள் போய் இறுக்கும்.

இப்போது முன்னால் பாரம் தொங்கும்போது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். பாரம் கீழே இழுக்கிறது, தகடு முன்பக்கமாகக் கவிழப் பார்க்கிறது. அதனால் தகட்டின் மேல் பகுதி சட்டத்தைவிட்டு விலகப் பார்க்கும், கீழ் பகுதி சட்டத்தின் மேல் அழுந்தும். மொத்த எடையும் மேல் மடிப்பில் தொங்குகிறது, இழுவையும் அங்கேதான். கீழே இருக்கும் ஆப்புகளுக்கு அந்த நேரத்தில் பெரிய வேலை கிடையாது. அவற்றுக்கு வேலை வருவது எதிர்த் திசையில்: கருவியின் நுனியைத் தரையில் வைத்து அழுத்தும்போதோ, தரையை இழுத்துச் சமன் செய்யும்போதோ, தகட்டின் அடிப்பகுதி பிரிந்து வரப் பார்க்கும், அப்போது ஆப்புதான் பிடித்து நிறுத்துகிறது.

ஆக விசை ஏறும் இடங்கள் நாலே நாலு: மேல் மடிப்பின் இடது மூலை, வலது மூலை, கீழ்த் துளையின் இடது, வலது. லோடர் பக்கச் சட்டமும் பெரும்பாலும் இந்த இரண்டு ஓரங்களில்தான் இருக்கிறது, நடுவில் வெறும் குழாய் அல்லது காலி இடம். அப்படியிருக்க, கருவிப் பக்கத் தகட்டின் நடுவில் மட்டும் எதற்கு முழு பிளேட்? பக்கெட்டில் நடுப்பகுதி மண்ணைத் தாங்குகிறது, சரி. ஃபோர்க்கிலோ கொக்கியிலோ அதற்கு வேலையே இல்லை.

எண்ணில் பார்ப்போம். இரும்புத் தகட்டுக்கு மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே எண், 1 மி.மீ. தடிமனுக்கு ஒரு சதுர மீட்டர் 7.85 கிலோ. இந்தத் தகடு சுமார் 1130 மி.மீ. அகலம், உயரம் 430 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 10 மி.மீ. முழு பிளேட் 38 கிலோ, மேலும் கீழும் அதே தடிமனில் முழு நீள மடிப்பு வைத்தால் இன்னும் 10 கிலோவுக்கு மேல் சேர்ந்து கிட்டத்தட்ட 49 கிலோ. அதையே இரண்டு ஓரங்களிலும் 230 மி.மீ. அகலத்துக்கு மட்டும் 6 மி.மீ. தகடு, அவற்றை இணைக்க முழு நீளத்துக்கு மேலே ஒன்று கீழே ஒன்றாக 50×50×4 சதுரக் குழாய், மடிப்புக்கு 8 மி.மீ. துண்டுகள் நாலு, பின்னே சொல்லப்போகும் ரிப் நாலு என்று கூட்டினால் 29 கிலோ பக்கம் வரும். 20 கிலோ மிச்சம்.

20 கிலோ என்ன பெரிய விஷயமா என்று கேட்கலாம். 300 கிலோ தூக்குகிற லோடரில் அது 7 சதவீதம்கூட இல்லை. உண்மைதான். ஆனால் 49 கிலோ தகட்டைத் தனி ஆளாகப் புரட்டி வைத்துப் பாருங்கள், வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். நடுவில் திறந்திருப்பதால் சீட்டில் உட்கார்ந்தபடியே ஃபோர்க் நுனி எங்கே போகிறது என்று பார்க்க முடிவது என் கணக்கில் எடையைவிடப் பெரிய லாபம்.

இதோடு இன்னொன்று: தூரம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதற்கும் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. 200 கிலோ பாரத்தின் மையம் தகட்டிலிருந்து 1000 மி.மீ. முன்னால் இருக்கிறது என்றால், அதை 900 மி.மீட்டருக்குக் கொண்டுவந்தாலே தகட்டின் மேல் வரும் கவிழ்ப்பு விசை 10 சதவீதம் குறைகிறது, அதாவது பாரத்தில் 20 கிலோவை இறக்கிவைத்ததற்குச் சமம். நிறைய பேர் தகட்டை இலேசாகச் செய்துவிட்டு அதன் முன்னால் ஒரு பெட்டி மாதிரி சட்டம் அடித்து, அதற்கு முன்னால் கருவியை மாட்டி, மிச்சம் பிடித்ததை எல்லாம் அங்கே தொலைத்துவிடுகிறார்கள். கருவி தகட்டோடு எவ்வளவு ஒட்டி இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

அப்புறம் விசை எவ்வளவு வரும் என்பது. மேலே சொன்ன அதே 200 கிலோ, 1 மீட்டர் முன்னால். மேல் மடிப்புக்கும் கீழே அழுந்தும் இடத்துக்கும் இடையே 400 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நெம்புகோல் கணக்குதான்: 200 ஐ 1000-ஆல் பெருக்கி 400-ஆல் வகுத்தால் 500. அதாவது 200 கிலோ தூக்கும்போது மேல் மடிப்பை 500 கிலோ முன்னோக்கி இழுக்கிறது. இது அசையாமல் நிற்கும்போது. டிராக்டர் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் பாரம் துள்ளும், அப்போது இரண்டு மடங்கு ஆகும் என்று எடுத்துக்கொள்வது அதிகப்படியான எச்சரிக்கை இல்லை. ஆக 1000 கிலோ. இது இரண்டு ஓரத்துக்கும் சரிபாதியாகப் பிரியும் என்று நம்பாதீர்கள். தரை சாய்ந்திருக்கும், பாரம் ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும், வெல்டிங்கில் ஒரு ஓரம் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். முழுவதும் ஒரே ஓரத்தில் வந்து விழும் என்று கணக்குப் போட்டுவிட்டால் நிம்மதி.

230 மி.மீ. அகலமான மடிப்பில், வெல்டிங்கிலிருந்து 30 மி.மீ. தள்ளி இந்த 1000 கிலோ இழுக்கிறது என்றால், 6 மி.மீ. மடிப்பில் வளைவால் வரும் அழுத்தம் சுமார் 213 மெகாபாஸ்கல். சாதாரண மைல்ட் ஸ்டீல் நிரந்தரமாக வளையத் தொடங்குவது சுமார் 250-இல். தப்பித்தாலும் இடைவெளி ரொம்பக் குறைவு. அதே மடிப்பு 8 மி.மீ. என்றால் 120-க்கு இறங்கிவிடுகிறது. 2 மி.மீ. கூட்டியதற்கு எடையில் கூடுவது நாலு துண்டுக்கும் சேர்த்து ஒரு கிலோகூட இல்லை. ஓரத் தகடு 6 மி.மீ. போதும், ஆனால் மடிப்பு 8-க்குக் குறைய வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். மடிப்பின் மேல்பக்கத்தில், சட்டம் உட்காரும் உள்பக்கத்தைத் தொடாமல், முக்கோணமாக ஒரு சின்னத் தாங்கு வைத்து வெல்ட் அடித்தால் இன்னும் நல்லது.

வெல்டிங் தாங்குமா என்ற பயம் எல்லோருக்கும் இருக்கும். 6 மி.மீ. கால் (மூலை வெல்டின் பக்க அளவு) வைத்த வெல்டின் உள் தடிமன் சுமார் 4.2 மி.மீ. அது 230 மி.மீ. நீளத்துக்கு ஒழுங்காக உருகி ஒட்டியிருந்தால் கணக்குப்படி பல டன் தாங்கும். சிக்கல் ‘ஒழுங்காக’ என்ற சொல்லில்தான் இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

ஓரத் தகடு 6 மி.மீ. போதும் என்றேன், ஆனால் வெறும் 6 மி.மீ. தகடு போதாது. தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடியில் ஏறுகிறது, 6 மி.மீ. தகடு 12 மி.மீ. தகட்டின் எட்டில் ஒரு பங்குதான் விறைப்பு. இதைப் பார்த்துத்தான் எல்லோரும் தடிமனான பிளேட்டுக்கு ஓடுகிறார்கள். ஆனால் அந்த 6 மி.மீ. தகட்டின் மேல் 50 மி.மீ. உயரத்துக்கு ஒரு பட்டையை நிமிர்த்தி வைத்து, மேலிருந்து கீழாக வெல்ட் அடியுங்கள். இதைத்தான் ரிப் என்கிறோம். 200 மி.மீ. அகலத் துண்டுக்குக் கணக்குப் போட்டால், ரிப் வைத்த 6 மி.மீ. தகடு வெறும் 10 மி.மீ. தகட்டைவிட விறைப்பில் சுமார் 15 மடங்கு, எடையில் நாலில் ஒரு பங்கு குறைவு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பலர் சொல்லாமல் விடுவது. விறைப்பு 15 மடங்கு ஏறினாலும் உடையாமல் தாங்கும் பலம் 1.6 மடங்குதான் ஏறுகிறது. காரணம், ரிப்பின் நுனி மையத்திலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிறது, வளையும்போது அதிக அழுத்தம் அங்கேதான் குவியும். ஆக ரிப் வைத்த தகடு வளையாது, அசையாது, பார்க்க இரும்புக் கோட்டை மாதிரி நிற்கும், ஆனால் அதற்காகப் பாரத்தை 15 மடங்கு ஏற்றிவிட முடியாது. ரிப்பின் முனையைச் சட்டென்று செங்குத்தாக நிறுத்தினால் தகட்டில் அந்த இடத்தில்தான் விரிசல் பிறக்கும், அதனால் முனைகளைச் சாய்வாக வெட்டி மெல்ல மெல்லத் தகட்டில் இறங்கவிடுங்கள். நுனியில் கிரைண்டர் வெட்டிய கீறல் இருந்தால் தேய்த்து வழவழப்பாக்கி விடவும். ரிப் எந்தப் பக்கம் என்றால், கருவி இருக்கும் முன்பக்கம். பின்பக்கம் சட்டம் வந்து ஒட்டுகிற இடம், அங்கே வெல்ட் மேடுகூட இருக்கக் கூடாது.

நடுவில் இணைப்பதற்கு ஏன் சதுரக் குழாய், ஆங்கிள் கிடந்தால் போடக்கூடாதா? வளைவை மட்டும் பார்த்தால் ஆங்கிளும் சமாளிக்கும். முறுக்கில்தான் கதை மாறுகிறது. ஒரு ஃபோர்க் நுனி மட்டும் கல்லில் மாட்டி, மற்றது காற்றில் இருக்கும்போது தகட்டின் இடது பாதியும் வலது பாதியும் எதிரெதிராகத் திரும்பப் பார்க்கும். 50×50×6 ஆங்கிளோடு ஒப்பிட்டால் 50×50×4 சதுரக் குழாய்க்கு முறுக்கைத் தாங்கும் விறைப்பு 50 மடங்குக்கு மேல். மூடிய வடிவம் என்பதால் வருகிற வித்தியாசம் அது. அந்தக் குழாயையே கீறித் திறந்துவிட்டால் அந்தப் பலம் அப்படியே போய்விடும், அதனால் குழாயில் நீளவாக்கில் துளை வெட்டும் யோசனை வந்தால் கைவிடுங்கள்.

அலுமினியத்தில் செய்தால் மூன்றில் ஒரு பங்கு எடைதானே என்பது அடிக்கடி வரும் கேள்வி. எடை மூன்றில் ஒன்று, விறைப்பும் மூன்றில் ஒன்று. அது மட்டுமில்லாமல் 6061 போன்ற பலமான அலுமினியம் அதன் பலத்தைப் பெறுவது வெப்பப் பதப்படுத்தலால், வெல்ட் அடித்ததும் அந்த இடத்தைச் சுற்றிப் பலம் ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். அதிர்வில் களைத்து விரிசல் விடும் குணம் வேறு. முதல் தகட்டுக்கு இது வேண்டாம்.

அளவு எடுப்பதற்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் வரைபடத்தைப் பார்த்து வெட்டாதீர்கள், உங்கள் பக்கெட்டையே பார்த்து வெட்டுங்கள். பக்கெட்டைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, அதன் பின்பக்க ஓரத்தில் ஒரு தடித்த அட்டையை நிறுத்தி, மேல் மடிப்பிலிருந்து கீழ் மடிப்பு வரை பக்கவாட்டு வடிவத்தைப் பென்சிலால் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அந்த அட்டை உள்ளே கச்சிதமாக உட்கார வேண்டும், ஆடினால் மறுபடி வெட்டவும். பிறகு அதே அட்டையை லோடர் பக்கச் சட்டத்திலும் வைத்துப் பாருங்கள். பழைய பக்கெட்டில் மடிப்பு தேய்ந்தோ விரிந்தோ இருந்தால் இங்கே தெரிந்துவிடும். மடிப்பின் கோணம் ஒரு நூல் விரிந்திருந்தால் பரவாயில்லை, குறுகியிருந்தால் சட்டம் உள்ளே முழுசாக ஏறாது, தகடு ஒட்டிக்கொண்டது போலத் தெரியும், ஆனால் கீழே ஆப்பு பாதியிலேயே நிற்கும்.

கீழ்த் துளைகள் இதைவிட முக்கியம். ஆப்பு இறங்கும்போது அதன் சாய்ந்த முகம் துளையின் விளிம்பில் உரசித் தகட்டைச் சட்டத்தோடு இழுத்து இறுக்க வேண்டும். துளை பெரிதாகிவிட்டால் ஆப்பு இறுக்காமலே முழுதும் கீழே போய்விடும், நெம்புகோலும் முழுசாக மடங்கி, மாட்டிவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், ஓட்டும்போது தகடு கடகடவென்று அடித்துக்கொள்ளும். சரியாக அமைந்த துளையில் ஆப்பு அடியில் நன்றாக வெளியே தெரிய வேண்டும், இறுகியும் இருக்க வேண்டும், நாளைக்குத் தேய்ந்தால் இன்னும் கொஞ்சம் இறங்குவதற்கு இடமும் மிச்சமிருக்க வேண்டும். அதனால் துளையை முதலில் சின்னதாக வெட்டி, மாட்டிப் பார்த்து, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் பெரிதாக்குவதே வழி. கேஸ் கட்டிங்கில் அடித்துவிட்டு அப்படியே விட்டால் விளிம்பில் இருக்கும் பற்கள் ஒவ்வொன்றும் விரிசலுக்கு விதை.

வெட்டிய துண்டுகளை டேக் அடிக்க (அங்கங்கே சின்ன வெல்ட் வைத்து நிறுத்த) லோடரின் சட்டத்தையே அச்சாக வைத்துக்கொள்வது வசதி, ஏனென்றால் கடைசியில் அது அங்கேதான் உட்காரப் போகிறது. ஆனால் டேக் வைப்பதற்கு மட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை நாம் வெல்ட் அடிக்கும் துண்டிலேயே மாட்ட வேண்டும். டிராக்டர் பாடியில் எங்கேயோ மாட்டினால் மின்சாரம் பின்கள், பேரிங், ஹைட்ராலிக் சிலிண்டர் தண்டு வழியாகப் போய் அங்கங்கே பொத்துவிடும். ரப்பர் ஹோஸ்கள் மேல் பொறி விழாமல் ஈரத் துணி போடுவதும் மறக்க வேண்டாம். நாலு மூலையிலும் டேக் உறுதியானதும் தகட்டைக் கழற்றித் தரைக்குக் கொண்டுவந்து முழு வெல்ட் அங்கே.

முழு வெல்டில் வரும் தொல்லை, இழுப்பு. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், மடிப்பின் உள்மூலையில் ஒரே மூச்சாக அடித்தால் மடிப்பு உள்பக்கம் மூடிக்கொள்ளும், நேற்று கச்சிதமாக ஏறிய சட்டம் இன்றைக்கு ஏறாது. இடது ஓரத்தில் கொஞ்சம், வலது ஓரத்தில் கொஞ்சம், உள்பக்கம், வெளிப்பக்கம் என்று மாற்றி மாற்றி அடித்து, நடுநடுவே அட்டை அச்சை வைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தகட்டின் மேல் கருப்பாக ஒரு பொருக்கு இருக்கும், அதை வெல்ட் வரும் இடத்தில் கிரைண்டரால் எடுத்துவிட்டுப் பளபளப்பான இரும்பில் அடிக்கவும். துத்தநாகம் பூசிய குழாயாக இருந்தால் பூச்சை நீக்காமல் அடிக்காதீர்கள், அந்தப் புகை காய்ச்சல் வரவைக்கும். வெல்டிங் ராடைப் பொறுத்தவரை 6013 வகை கைக்கு எளிது, ஆனால் ஆழமாக இறங்காது. 7018 பலம், ஆனால் அதை ஈரம் படாமல் வைத்திருக்க வேண்டும். எதுவானாலும் முதலில் வீணான துண்டு இரண்டை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் வெல்ட் அடித்து, ஆறியதும் வெல்டின் அடி திறக்கும்படி, வெல்ட் இருக்கும் பக்கமாகவே சம்மட்டியால் அடித்துச் சாயுங்கள். வெல்ட் பிளந்து வந்தால் அடியில் பாருங்கள்: மூலை உருகாமல் வெட்டிய கோடு அப்படியே நேராகத் தெரிந்தால், மேலே எவ்வளவு அழகாக மீன் செதில் போல அடுக்கியிருந்தாலும் அந்த வெல்ட் வெறும் ஒட்டுதான். கரண்ட்டைக் கூட்டி மறுபடி பழகிவிட்டுத் தகட்டைத் தொடுங்கள்.

கருவியை இந்தத் தகட்டில் வெல்ட் அடிப்பதா, போல்ட் போடுவதா? நான் போல்ட் பக்கம். ஒரே தகட்டில் பல கருவியை மாற்றி மாற்றி மாட்டலாம், வளைந்த பாகத்தை மட்டும் மாற்றலாம். 8.8 தர (பலமான வகை) எம் 12, அதாவது 12 மி.மீ. விட்டமுள்ள போல்ட் ஒன்றே இழுவையில் 4 டன்னுக்கு மேல் தாங்கும், அதனால் போல்ட் அறுந்துபோகும் என்று கவலைப்படத் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய தகட்டைப் பற்றி. குழாயின் சுவரில் நேராகப் போல்ட் போட்டு முறுக்கினால் குழாய் நசுங்கும், உள்ளே ஒரு சின்னக் குழாய்த்துண்டைத் தாங்காக வைத்து அதன் வழியாகப் போல்ட்டை விட வேண்டும். தகட்டுத் துளைகளுக்குப் பின்னால் தடித்த வாஷர், துளை தகட்டின் விளிம்பிலிருந்து போல்ட் விட்டத்தின் இரண்டு மடங்காவது தள்ளி இருக்கட்டும். போல்ட் தலை பின்பக்கம் துருத்திக்கொண்டு சட்டத்தில் இடிக்காத இடமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள், இதை மறந்துவிட்டுக் கடைசியில் தலையைத் தேய்க்கிறவர்கள் நிறைய பேர்.

இந்த மாதிரித் தகடு எதற்கு ஆகாது என்பதையும் செய்வதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிட வேண்டும். தூக்குவதற்கும் சுமப்பதற்கும் ஆகும். டிரெய்லர் கொக்கி, பை மேடை, சின்ன ஃபோர்க் எல்லாம் இதன் எல்லைக்குள். வேரைப் பெயர்ப்பது, மண்ணைக் குத்துவது, முன் சக்கரம் தூக்குமளவுக்கு நுனியை அழுத்துவது, இவை ஆகாது. லோடர் தூக்கும் விசைக்கு ஹைட்ராலிக் வால்வு ஒரு எல்லை வைக்கிறது. ஆனால் ஓடுகிற டிராக்டர் ஒரு வேரில் போய் முட்டும்போது அந்த முழு வண்டியின் எடையும் வேகமும் தகட்டில் இறங்குகிறது, அதற்கு எந்த வால்வும் எல்லை வைப்பதில்லை. தோண்டும் வேலை இருந்தால் பக்கெட்டை மாட்டுங்கள். ஆளை ஏற்றித் தூக்குவது எந்தத் தகட்டிலும் கிடையாது.

சோதனைக்கு வரும்போது முதலில் காலியாக மாட்டி, இறங்கிப் போய் இரண்டு ஆப்பும் அடியில் எட்டிப் பார்க்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு நுனியைத் தரையில் மெதுவாக அழுத்தி, தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி திறக்கிறதா என்று பார்க்கலாம். பாரம் ஏற்றுவதற்கு முன்னால் டிராக்டரின் பின்பக்கம் எதிர் எடை இருக்க வேண்டும், இல்லையென்றால் தகடு தாங்கினாலும் வண்டி தூக்கிக்கொள்ளும். பெயிண்ட் அடிக்க அவசரப்படாமல், மடிப்பு மூலைகள், ரிப் முனைகள், குழாய் சேரும் இடங்கள் இங்கெல்லாம் சுண்ணாம்பை நீர்த்துப் பூசிக் காயவிடுங்கள். குறைந்த எடையில் தொடங்கி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல், படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய் நீங்கள் சுமக்க நினைக்கும் எடையைக் கொஞ்சம் தாண்டி நிறுத்துங்கள், ஆனால் கையேட்டில் போட்டிருக்கும் எல்லைக்குள். எந்த இடத்தில் இரும்பு தன் எல்லையைத் தாண்டி நீள்கிறதோ அங்கே காய்ந்த சுண்ணாம்பு மெல்லிய கோடு கோடாக வெடித்துக் காட்டும். வெடிப்பு ஒன்றும் இல்லையென்றால் கழுவிவிட்டுப் பெயிண்ட் அடிக்கலாம், மடிப்பின் உள்பக்கத்தில் மட்டும் தடிமனாக அடிக்காதீர்கள், சட்டம் ஏறாமல் அடம்பிடிக்கும்.

பெயிண்ட் வெளிர் நிறமாக இருந்தால் பின்னாளில் உதவும். வெல்டின் ஓரத்தில் விரிசல் விழுந்தால் கண்ணுக்கு முதலில் விரிசல் தெரியாது, அதிலிருந்து மெல்லியதாக ஒரு துருக்கோடு கசிந்து பெயிண்டின் மேல் தெரியும். அப்படிப் பார்த்த அன்றைக்கே தகட்டைக் கழற்றி, விரிசலை அதன் முனை வரைக்கும் கிரைண்டரால் முழுசாகத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி வெல்ட் அடிக்க வேண்டும், மேலே ஒரு பூச்சு மட்டும் ஓட்டினால் அது உள்ளே வளர்ந்துகொண்டேதான் இருக்கும். அதே இடத்தில் இரண்டாவது முறையும் விரிசல் வந்தால் வெல்டைக் குறை சொல்லாமல் அந்த மூலையில் ரிப்பையோ மடிப்பையோ மாற்றி அமையுங்கள்.